முன் ஆசனத்துப் பொம்மை

பொம்மையை இறக்க முடியாது என்றார் அதிகாரி.

தர்மிளா அக்கா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நிறைமாதம்; இடுப்பு வலி தொடங்கியிருந்தது. மழையில் பாதை அரித்துப் போனதால் ஆட்டோ எதுவும் தோட்டத்துக்குள் வராது. லொறி தேயிலைக் கொழுந்தோடு போய்விட்டது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போக, எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் நின்ற இந்த ஜீப் ஒன்றுதான்.

பின்னால் முழுக்கக் கருவிப் பெட்டிகள். முன் ஆசனத்தில் பொம்மை.

ஆள் உயரம், மஞ்சள் நிறம், நெஞ்சில் குறுக்காகப் பட்டி. மலைப்பாதையில் ஆசனப்பட்டி எந்த அளவுக்கு உயிர் காக்கும் என்று அரசாங்கம் நடத்தும் ஆய்வு. காலையிலிருந்து எங்கள் வளைவுகளில் ஏறி இறங்கியும் பொம்மை அசையவில்லை. ஆய்வு வெற்றி என்று பகல் சாப்பாட்டுக்கு முன்பே அதிகாரி சொல்லிவிட்டார்.

பொம்மையைத் தொடக் கொழும்பில் அனுமதி வாங்க வேண்டுமாம். அவர் சிங்களத்தில் சொன்னதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பக் கேட்டேன். அதேதான்.

"ஏன் மாத்தயா, அதுக்கும் இடுப்பு வலி வந்துருச்சா?" என்றாள் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சின்னம்மா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை.

அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிக்னல் தேடுகிறவர்போலக் குழாயடிப் பக்கம் நகர்ந்தார்.

அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஜீப்புக்குள் கையை விட்டேன். போன வாரம் இதே அதிகாரி எங்கள் மாலை வகுப்புக்கு வந்து, பட்டியைப் பூட்டவும் கழற்றவும் பழக்கியிருந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். கழலவில்லை. பழக்கியதை மறந்துவிட்டேன் போலும். இன்னும் பலமாக அழுத்தினேன்.

"தள்ளு புள்ள!"

சின்னம்மா பொம்மையின் முதுகுப் பக்கம் கையைவிட்டுத் துழாவினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள்.

மாடு கட்டும் நீலக் கயிறு. ஆசனத்தோடு சேர்த்துப் பொம்மையை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது.

கயிறு அறுந்ததும் பொம்மை பட்டியோடு சேர்ந்து வெளியே சாய்ந்தது. பட்டியும் சிவப்புப் பொத்தானும் அதன் சட்டையில் தைக்கப்பட்டிருந்தன. ஜீப்பில் பட்டியென்று எதுவும் இருக்கவில்லை.

அதிகாரி போனை இறக்கினார். கொழும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜீப் சாரதி இறங்கி வந்து அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார்.

நான் பெட்டிகளுக்கிடையில் நுழைந்து, பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அக்காவை ஆசனத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மறுபடி தூறல். ஜீப் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி பொம்மைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் வளைவில் என் பிடி நழுவியது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "சசி, அந்தக் கயித்தயாச்சும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்டி."