குனிந்த தலை நிமிராத பெண்

தாட்சாயிணி குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜித் தட்டை நீட்டியதும் கூடத்தில் எல்லோருக்கும் திருப்தியாகிவிட்டது.

“இன்னா அடக்கம் பார்த்தியா!” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

பெண் பார்க்க வருகிறவர்களை தாட்சாயிணிக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் செய்வதெல்லாம் சரி என்று சொல்கிற கூட்டம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மற்ற நாட்களில் அவளுக்கு அர்ச்சனைதான். தொழிற்பேட்டையில் அவள் வால்வு சோதிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர், மூஞ்சியைப் பார்த்துப் பேசு என்று எரிந்து விழுவார். எதிர்வீட்டுக்காரி போகிறபோக்கில் சாப்பிட்டாயா என்று கேட்டால், இவள் என்ன குழம்பு, அதில் புளி எப்படி என்பதுவரை சொல்லி முடிக்காமல் நகரமாட்டாள். கிரைண்டர் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அண்ணி நாகவல்லி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆண்டவன் தன்னைப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூவை மறந்துவிட்டான் என்பதுதான் தாட்சாயிணியின் முடிவு. ஊரிலேயே தனக்கு மட்டும் வந்த கோளாறு.

பெண் பார்க்கும் அன்று அந்தக் கோளாறெல்லாம் லட்சணமாகிவிடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பேச வேண்டாம். கேள்வி கேட்டால்கூடத் தலையை ஆட்டினால் போதும். மேனாம்பேட்டில் அதை அவளைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லியனுப்பும்போதெல்லாம் அவள்தான் வேண்டாம் என்றுவிடுவாள். அண்ணன் உலகநாதன் கத்தித் தீர்ப்பார். அவள் என்ன செய்வாள்? பயம். இன்றைக்கு அடக்கம் என்கிற வாய், தாலி ஏறிய மறுநாளே இதே குனிந்த தலைக்கு வேறு பெயர் வைத்துவிடும். வாழ்நாள் முழுக்க ஒரு வீட்டில் அந்தப் பெயரோடு இருக்க வேண்டும்.

இன்றைக்கு வந்திருந்தவர்கள் திருமுல்லைவாயில்காரர்கள். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமைப் படம் போடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பெரியப்பா அவசரப்பட்டார். மாப்பிள்ளை மணவாளன் உலகநாதனோடு தண்ணீர் லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை.

சிக்கல் மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாவிடம்தான். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. பெண்ணின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாங்க என்று கும்பிட்டதற்குத் தரையைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

“இன்னா திமிரு பாரு அந்தம்மாவுக்கு!” என்று நாகவல்லி தாட்சாயிணியின் காதில் கிசுகிசுத்தாள். “இந்த எடமே வாணாம். உங்கண்ணன் கைல சொல்லிட்டேன்.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்தக் கூடத்தில் அது தலைகீழாகிவிட்டது. பெண் குனிந்தால் அடக்கம், மாமியார் குனிந்தால் திமிர்.

தாட்சாயிணி தரையோடு தரையாக அந்த அம்மாவைக் கவனித்தாள். தரையைப் பார்க்கிறவர்களுக்குத் தரையில் நடப்பதெல்லாம் தெரியும்.

ராஜம்மாவின் கால் கட்டைவிரல், பக்கத்து விரலை ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தாட்சாயிணி தன் காலைப் பார்த்தாள். அதுவும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ராஜம்மாவின் தட்டில் கேசரியின் நெய் உருகி, பஜ்ஜிப் பக்கம் மெல்ல நகர்ந்தது. அந்த அம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் அணை போட்டுப் பார்த்தாள். நெய் கேட்கவில்லை.

இனிப்பு பட்ட பஜ்ஜியை வாயில் வைக்க முடியாமல் தாட்சாயிணி பட்ட பாடும் வாங்கிய திட்டும் கொஞ்சமா?

பாவம், இது திமிரே இல்லை என்று நினைத்தாள்.

நினைத்த மறுகணம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இது திமிர் இல்லையென்றால் தன்னுடையது கோளாறும் இல்லை. இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளையைப் பெற்று, வளர்த்து, பெண் பார்க்கவே வந்துவிட்டாள்!

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று அந்தக் காலத்து மேனாம்பேட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கும் பெயர் வேண்டியிருக்கவில்லை. மனசு லேசாகிவிட்டது.

அப்போது ஒரு கை நீண்டது.

மணவாளனின் கை. லாரிப் பேச்சை நிறுத்தாமலே அவன் தன் தட்டில் இருந்த பஜ்ஜிகளை ஒரு துண்டுப் பேப்பரில் எடுத்து வைத்து அம்மாவின் பக்கம் தள்ளினான். அம்மா தட்டில் நெய் பட்டவற்றைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டான். அம்மாவும் நிமிரவில்லை, அவனும் திரும்பவில்லை. தினம் தினம் செய்து பழகிய கை அது. லாரி எந்தத் தெருவுக்கு வராமலே ஏமாற்றுகிறது என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராஜம்மாவின் கட்டைவிரல் நின்றது. அவள் பஜ்ஜியைக் கடித்தாள்.

உலகநாதன் தொண்டையைக் கனைத்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கடுதாசி போடுகிறோம் என்று, மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டியதை முந்திக்கொண்டு அவரே சொன்னார். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். பெரியப்பா முகம் சுண்டி எழுந்து செருப்பைத் தேடப் போனார்.

“எனக்குச் சம்மதம்.”

தாட்சாயிணிதான், தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் தெருவுக்கே கேட்டது. பெண் தானாக வாயைத் திறந்துவிட்டாளே என்று கூடமே ஆடிப்போனது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த அடக்கம் ஒரே நொடியில் கப்பலேறிவிட்டது.

“எனக்கும்” என்றாள் ராஜம்மா, பஜ்ஜியைப் பார்த்து.

நாகவல்லி தாட்சாயிணியைத் தரதரவென்று சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். “அடிப்பாவி! இத்தினி பேர வாணாம்னுட்டு இவரான்ட மட்டும் அப்டி இன்னாடி கண்டே? அந்த மீசைலதானே வுழுந்துட்டே?”

தாட்சாயிணி யோசித்துப் பார்த்தாள்.

“அவருக்கு மீசை கீதா, அண்ணி?”