அளந்து ஊற்றியவள்

"கட்டின புருஷனுக்கு நீயே ஊத்திக் குடுக்கறியா? ரொம்ப நல்லா இருக்கு."

சமையலறை வாசலில் நாத்தனார் போட்ட சத்தத்தில் தம்பி மனைவியின் கை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். பிராந்தியை டானிக் மூடியால் அளந்து டம்ளரில் விட்டாள். பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் மதுக்கடை வாசலில் நின்றதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. 'அவ அப்படிப்பட்டவ இல்லை' என்று நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால் வீட்டுக்குள்ளேயே கடை நடக்கிறது.

"மெதுவா பேசுங்க அண்ணி. அவருக்குக் கை நடுங்குது. இதைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"நடுங்கட்டும். தாயில்லாப் பிள்ளைன்னு இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். ஈரல் பாதி போச்சுன்னு தெரிஞ்சும் உனக்கு எப்படி மனசு வருது?"

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்க்கிறோம். நீங்களும் வாங்க அண்ணி."

"வராம இருப்பேனா? உன் லட்சணத்தை டாக்டர்கிட்டயே சொல்றேன்."

சொன்னபடி செய்தாள். மறுநாள் தம்பியை வார்டுக்குள் அழைத்துப் போனதுதான் தாமதம், டாக்டர் அறையில் உட்காரக்கூட இல்லை.

"நேத்து வரைக்கும் இவ கையாலதான் குடிச்சான், டாக்டர்."

"தெரியும்மா. நான்தான் குடுக்கச் சொன்னேன்."

நாத்தனார் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் ஊறின உடம்புல படக்குன்னு நிறுத்தினா வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும், உயிரே போகலாம். இங்க படுக்கை காலியாகற வரைக்கும், தினம் எனக்குப் போன் பண்ணிக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வந்தாங்க. இனிமே மருந்து குடுத்து நாங்க பார்த்துக்கறோம். அவரே மனசு வச்சு வந்திருக்கார். நிச்சயம் மீண்டுடுவார்."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி பிழைத்துவிடுவான். அது போதும்.

டாக்டர் அதோடு விடவில்லை. "போன மாசம் யாரோ அவரை ரூம்ல போட்டுப் பூட்டி, ஒரு சொட்டுகூடக் குடுக்காம வச்சிருந்தாங்களாமே? வலிப்பு வந்தும் பிழைச்சது அவர் அதிர்ஷ்டம். யாருங்க செஞ்சது?"

'நான் திருத்திக் காட்டறேன்' என்று தம்பியைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போய்ப் பூட்டி வைத்தது நாத்தனார்தான். வலிப்பு வந்ததும், உடம்பு பலவீனம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அது தன்னால் வந்தது என்று இன்றுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வாயைத் திறந்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றாள் தம்பி மனைவி. "விவரம் தெரியாம செஞ்சுட்டேன்."