முன்வரிசைத் தூக்கம்

"சார், அவங்களை எழுப்பி விடுங்க. பாட்டு ஆரம்பிச்சாச்சு."

பின்னால் நின்ற இஸ்திரிக்காரி குனிந்து சொன்னாள். நாற்காலியில் இருந்த பெண்ணின் தலை பக்கத்திலிருந்த கணவரின் தோளில் சரிந்திருந்தது. அவர் தடித்த கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார்.

"பரவாயில்லைங்க. தூங்கட்டும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைவீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்கூடம் அது. நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும். மேடை முழங்கால் உயரம்தான். அதை ஒட்டி ஒரே ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள், முந்தி வந்தவர்களுக்கு. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

அவள் விடிந்ததிலிருந்து ஓட்டல் சலவைக்கூடத்தில் நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். நீராவியில் வெந்த கைகள் மரத்துப் போயிருந்தன. குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி.

ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. அவளும் தங்கையும் பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். ஐந்து பேரும் ஏதோ மனஸ்தாபத்தில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது, இரண்டு பேரும் சாப்பிடாமல் கிடந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இப்போது நரைத்த தலையும் தொப்பையுமாக அந்த ஐந்து பேரும் மறுபடி ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தூங்கினால்?

"சட்டையைப் பாருக்கா, இவங்க படம் போட்டது. வேஷம் மட்டும் குறைச்சலில்ல" என்று தங்கை காதில் கத்தினாள். சட்டை அந்தப் பெண்ணுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"எனக்கு அந்த நாற்காலி கிடைச்சா நானும்தான்டி தூங்குவேன்" என்றாள் அக்கா.

நாலாவது பாட்டு முடிந்தபோது பாடகரே பார்த்துவிட்டார். மேடைக்கும் அந்த நாற்காலிக்கும் கை நீட்டும் தூரம்தான். இத்தனை வருஷம் கழித்து நாங்கள் ஒன்று சேர்ந்ததே இந்தம்மாவைத் தூங்க வைக்கத்தான் போலிருக்கிறது என்று மைக்கில் சொன்னார். கூடம் குலுங்கிச் சிரித்தது. கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடகரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாடகருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று அடுத்த பாட்டுக்குத் தாவினார்.

அந்த மனுஷரும் மேடையைப் பார்க்கவில்லை என்பதை இஸ்திரிக்காரி அப்போதுதான் கவனித்தாள். அந்த ஒரு கும்பிடு தவிர அவர் பார்வை மனைவியின் முகத்தை விட்டு நகரவே இல்லை. தோளைக் கொஞ்சமும் அசைக்காமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். சந்தேகப் பிராணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு வந்தது மழைப் பாட்டு. அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். டிரம்ஸ் இடி மாதிரி இறங்கியது. தரை அதிர்ந்தது. தங்கை அழுதுகொண்டே பாடினாள். முன்னால் அந்தப் பெண் இன்னும் ஆழமாகத் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இஸ்திரிக்காரிக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் இதைத் தவற விட்டால் நாளைக்கு அவளே வருத்தப்படுவாள். தோளைத் தொட்டு எழுப்பக் கையை நீட்டினாள். கண்ணாடிக்காரர் மறு கையால் வெடுக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க."

அந்தக் குரலில் இருந்தது கோபமா பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. கையை உதறிக்கொண்டாள். அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டின் மிச்சம் அவள் காதில் ஏறவே இல்லை.

கடைசிப் பாட்டும் முடிந்தது. கைதட்டல் ஓய்ந்து விளக்குகள் எரிந்தன. கூட்டம் படியிறங்கத் தொடங்கியது. கூடம் காலியாகக் காலியாகச் சத்தம் அடங்கியது. தூங்குகிறவளின் புருவம் சுருங்கியது. இமைகள் துடித்தன.

கண்ணாடிக்காரர் பதறிப்போய் இஸ்திரிக்காரியைப் பார்த்தார். "அம்மா, ஒரு நிமிஷம் இவ தலையைத் தாங்கிக்கிறீங்களா? கோவிச்சுக்காதீங்க."

என்ன ஏது என்று கேட்குமுன் அவர் எழுந்துகொண்டார். அவள் வேறு வழியில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் தலை அவள் தோளில் கனத்தது.

மேடையில் டிரம்ஸ்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி புறப்படத் தயாராக இருந்தார். கண்ணாடிக்காரர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நிறுத்திடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அடிங்க."

"கை ஓஞ்சுபோச்சுங்க. எல்லாரும் கிளம்பிட்டாங்களே, யாருக்கு அடிக்கச் சொல்றீங்க?"

"எங்க பையன் எந்நேரமும் உங்க பாட்டுக்குத்தான் வீட்டுல டிரம்ஸ் அடிச்சுட்டிருப்பான், இவ அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவ" என்றார் அவர். "அவனை அடக்கம் பண்ணிட்டு வந்ததுலேருந்து வீட்டுல சத்தமே இல்லைங்க, அன்னியிலேருந்து பொட்டுத் தூக்கம் இல்லாதவ, இன்னிக்குத்தான் கண்ணை மூடியிருக்கா."