சுழிக்கோடு

டாக்டர் மெஹராஜ் கருவியின் குழாயில் ஊதி முடித்தார். திரையில் கோடு மறுபடியும் குழிக்குள் இறங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கருவியைத் தூக்கிச் சூலூர்க் குளத்தில் போட்டிருப்பேன்.

இன்றைக்கென்று பார்த்தா! கோயமுத்தூரில் சிறுநீரகக் கோளாறு என்றால் இவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஊர் ஊராக முகாம் போடுகிறவர். கருவி ஒழுங்காக வேலை செய்தால் அடுத்த முகாமுக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று, எங்கள் பம்ப் பட்டறையின் பின்னறை வரைக்கும் வந்திருக்கிறார். இன்று சொதப்பினால் என் இத்தனை வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

"என்னங்க புவனா, எனக்கு மைனஸ் காட்டுது?" என்று சிரித்தார்.

"பெட்டி சூடாகுதுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் அருண்குமாரை முறைத்தேன். பெட்டியைச் செய்தது அவர்.

உள்ளே நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப். அதில் மயிரிழை கனத்தில் ஒரு வளையம். லேசர் ஒளி அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி, வெளியே வரும்போது நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரிந்து, சீப்பின் பற்கள் மாதிரி சம இடைவெளியில் வரிசைகட்டி நிற்கும். ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். அதன் குறுக்கே மூச்சுக்காற்றை விட்டால், காற்றில் என்ன வாயு இருக்கிறதோ அதற்குரிய பற்கள் மட்டும் மங்கும்.

சிறுநீரகம் கெட்டவர் மூச்சில் அம்மோனியா கூடும். ஊசி குத்தாமல், ஒரே ஊதலில் அதைப் பிடித்துவிட வேண்டும். எனக்கு வேறு கனவே கிடையாது.

சிப் காட்டும் அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும், அது அதன் சுபாவம். அதனால் தினமும் காலையில் ஆரோக்கியமான ஓர் ஆளின் மூச்சைப் பதிய வைப்போம். அதுதான் சுழிக்கோடு, எங்கள் ஜீரோ. பிறகு யார் ஊதினாலும், அந்த ஆளைவிட இவர் மூச்சில் அம்மோனியா எவ்வளவு கூடுதல் என்று திரை காட்டும்.

கூடுதலைக் காட்ட வேண்டிய கருவி, ஐப்பசி மழையிலிருந்து எல்லோருக்கும் குறைவையே காட்டுகிறது. நான் ஊதினாலும் குழி, வாட்ச்மேன் ஊதினாலும் குழி. முதலில் கோடு லேசாகத்தான் தாழ்ந்தது. இப்போது கிணறாகிவிட்டது.

பக்கத்துத் தறிக்கூடத்தின் அதிர்வு என்றேன். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றேன். கடைசியில் பழி பெட்டியின் மேல் விழுந்தது.

"நல்லாச் செஞ்சு குடுத்தீங்க போங்க ஒரு பெட்டி!" என்று நேற்றுக்கூட அவரிடம் கத்தினேன்.

"சரி அம்மணி, வேற செஞ்சுபோடறேன்" என்று பட்டறைப் பக்கம் நடந்தார். இப்போதெல்லாம் அவர் நடையில் ஒரு சோம்பல். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

டாக்டர் கையோடு ஒருவரை அழைத்து வந்திருந்தார். பெயர் செங்கோடன், கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கிறவர்.

"இவருக்கு என்னன்னு நான் சொல்லமாட்டேன். உங்க மெஷின் சொல்லட்டுங்க."

செங்கோடன் ஊதினார்.

கோடு அசையவில்லை. குழியும் இல்லை, மேடும் இல்லை. சுழிக்கோட்டின் மேலேயே ஒட்டிப் படுத்துக்கொண்டது.

எத்தனை வாரத்துக்குப் பிறகு ஒரு நேர்கோடு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாருங்க டாக்டர், சரியாயிருச்சு! இவருக்கு ஒரு குறையும் இல்லீங்க, கல்லுக்குண்டாட்ட இருக்கறாரு!"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க. வாரம் மூணு தடவ டயாலிசிஸ்."

கருவி தோற்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுளே, அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா.

டாக்டர் தன் மூச்சின் கோட்டையும் செங்கோடனின் மூச்சுக் கோட்டையும் ஒன்றாகத் திரையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். குழியில் அவர் கோடு. வெகு உயரத்தில், எங்கள் ஜீரோவோடு ஜீரோவாக, செங்கோடனின் கோடு.

"மெஷின் மேல தப்பே இல்லீங்க புவனா. நோயாளிய மேல காட்டுது, என்னையக் கீழ காட்டுது. சரிதானுங்களே? அப்ப உங்க ஜீரோதான் மேல ஏறியிருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலையில ஜீரோ ஊதறது யாருங்க?"

நான் திரையை அணைத்தேன். சொல்லாமல் இருந்தால் அது இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது.

வாசலிலிருந்து பதில் வந்தது. இத்தனை நாள் திட்டு வாங்கியவர், தன் பங்கைப் பற்றியும் ஒருவர் விசாரிக்கிறாரே என்ற பூரிப்பில், முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"நான்தானுங்க டாக்டர். காச்சல் தலவலின்னு ஒரு நாள் படுத்ததில்லீங்க. தெனமும் பச்சத்தண்ணி பல்லுல படாம, மொத மூச்சு நம்மளுதுங்க."

டாக்டர் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க அருண்குமார்."

"இருக்கட்டுமுங்க, நீங்க உக்காருங்க" என்று அவர் நின்றுகொண்டே இருந்தார்.