இரண்டாம் தெருக் குடம்

ஓர் ஊரில் தெருக்களுக்கு முடிவில்லை. ஒவ்வொரு தெருவிலும் வீடுகளுக்கும் முடிவில்லை. ஆனால் குழாய் ஒன்றுதான். குடங்களின் கழுத்தில் வீட்டு எண்ணை மேலேயும் தெரு எண்ணைக் கீழேயும் பின்னம் போல எழுதியிருந்தார்கள்.

முதல் தெரு முழுவதும் பிடித்த பிறகுதான் இரண்டாம் தெருவுக்குத் தண்ணீர் என்று குழாய் சொல்லிவிட்டது. இரண்டாம் தெருவின் முதல் வீட்டு மஞ்சள் குடம் காய்ந்துபோய் நின்றது.

“குழாயண்ணே, முதல் தெரு எப்போ முடியும்?”

“அது முடியாதே.”

“அப்போ நான் எதுக்கு நிக்கிறேன்? வீட்டுல உலை வைக்கத் தண்ணி இல்லை.”

“கொஞ்சம் பொறுமையா இரேன்டி,” என்றது முதல் ஆளாக நிரம்பியும் நகராத பித்தளைக் குடம்.

“வயிறு நிறைஞ்சவ நீ பேசாதே அக்கா. அண்ணே, தெருத் தெருவா விடாதே, கோணலாப் போ. முதல் தெருவுல இரண்டாம் வீடு, உடனே எங்க தெருவுல முதல் வீடு. அப்புறம் முதல் தெருவுல மூணாம் வீடு, எங்க தெருவுல இரண்டாம் வீடு, மூணாம் தெருவுல முதல் வீடு. இப்படியே போனா ஒரு வீடும் விட்டுப்போகாது.”

“அப்படிப் போனாலும் முடியாதே,” என்று சிரித்தது பித்தளைக் குடம்.

“முடியணும்னு யார் கேட்டா? என் முறை வரணும்னுதானே கேட்டேன்.”

குழாய் யோசித்தது. முதல் தெருவின் இரண்டாம் வீட்டுக்கு விட்டது. பிறகு மஞ்சள் குடத்தைக் கூப்பிட்டது.

அது நிரம்பி வீட்டுக்குப் போய்விட்டது. பித்தளைக் குடம் மட்டும் அங்கேயே நின்று, “இது எங்கே முடியப்போகுது?” என்று வருகிற குடத்திடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.