சிவப்பும் நீலமும் ஒத்துப்போன இடம்

ஜன்னல் வழியே பாப்லர் மரத்துப் பஞ்சு மிதந்து வந்து கணினித் திரையில் ஒட்டுகிறது. புருல் அதை ஊதித் தள்ளுகிறாள். இரண்டு கோடை மலையேறி அளந்து அவள் எழுதிய பனியாற்று அறிக்கையை, பிஷ்கெக் ஆய்வு நிலையத்தின் மேலதிகாரிகள் இருவரும் தனித்தனியே திருத்தித் தந்திருக்கிறார்கள். இரண்டு பிரதியையும் ஒன்றாக்கும் வேலையும் அவளுக்கே. சாதிர்பெக்கின் திருத்தம் சிவப்பு, நுர்ஜமாலுடையது நீலம். அவளுக்கு இருபுறமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசி மூன்று வருடமாகிறது.

"'வேகமாக உருகுகிறது'ன்னு போட்டவங்க மலையைக் கண்ணால பாத்திருக்காங்களான்னு கேளும்மா," என்கிறார் சாதிர்பெக்.

"'மெல்ல'ன்னு போட்டவரை மொதல்ல கண்ணாடிய மாத்தச் சொல்லு, புருல்."

வறுத்த ஆப்ரிகாட் கொட்டை சாதிர்பெக்கின் பல்லில் உடைகிறது. ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க இவர் மூன்று சொல் கேட்கிறார், அவர் ஒன்றரைக்கு இறங்குகிறார். கம்பளக்காரனே கூசிப்போகும் பேரம். கடைசியாகத் திரை முதல் பக்கத்துக்கு ஏறுகிறது. அறிக்கையை எழுதியோர்: முதலில் சாதிர்பெக், அடுத்து நுர்ஜமால், மூன்றாவதாகப் புருல். அந்த மூன்றாவது பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில் சிவப்புக் குறிப்பு: 'இது வேண்டாம்.' அதற்குக் கீழே நீலக் குறிப்பு: 'இது வேண்டாம்.' தேநீர்க் கிண்ணங்கள் ஆறுகின்றன. புருல் 'நிராகரி'யை அழுத்துகிறாள். கோடு மறைந்து பெயர் நிற்கிறது. சாதிர்பெக் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்.

"பாத்தீங்களா நுர்ஜமால், இவ திமிரை?"

"அதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன்," என்கிறார் நுர்ஜமால்.