சாமான் பட்டியல்

“எனக்கு அறுபதாம் கல்யாணம் வேணாம், மச்சான். நம்ம தறியில நெய்யற அர்ஜுனன் பொண்ணு பி.யு.சி. முடிச்சுட்டு வீட்ல உட்கார்ந்துக்கினு இருக்குது. அந்தச் செலவுல அது பி.ஏ. படிக்கட்டும்,” என்றார் சபாபதி.

மைத்துனர் சிரித்தார். “என்னா மாமா, உங்கப்பா கருமாதிக்கே ஐந்நூறு பேருக்கு வடை பாயசம் போட்டீங்க. ஊரே இன்னும் பேசிக்கினு இருக்குது. இப்போ கஞ்சத்தனமா?”

“அன்னைக்குப் புத்தி இல்லப்பா. ஒரு பிள்ளையைப் படிக்க வச்சா, ஏகாம்பரநாதருக்கே பூஜை செஞ்ச மாதிரி.”

மூலையில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த சமையல்காரன் சம்பந்தம், தாளை மெதுவாக மடித்தான்.

“உனக்கு ஒரு வேலை போச்சு. மனசுல வச்சுக்காதே,” என்றார் சபாபதி.

“நல்ல காரியம்தான்,” என்றான் சம்பந்தம். “தாத்தா கருமாதிக்கு என் காலேஜ் பணத்தை எடுத்தப்பவே இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாதா, அப்பா?”